என் விரலில் எடுத்த உங்கள் சர்க்கரை

காலை ஆறரை மணிக்கு முன்னால் எனக்கு ஒரு மடக்குக் காப்பிகூடத் தராத என் அன்பு அத்தைக்கு,

உங்கள் மருமகள் மாலா எழுதுகிறேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நான்கு வரி அச்சடிக்கக் கொடுப்போம். போன வருடம் "பாசத்தின் இருப்பிடமே, பண்பின் உறைவிடமே" என்று வந்தது. நீங்கள் பார்த்திருந்தால், "யாருலா இந்தப் பொம்பளை? என் படத்தை வெச்சு வேற யாரையோ புகழ்ந்திருக்காங்க" என்று சிரித்திருப்பீர்கள். இந்த வருடம் நானே எழுதுகிறேன் என்று உங்கள் மகன் ரவியிடம் சொல்லிவிட்டேன்.

சுவா சூ காங் வீடு அப்படியேதான் இருக்கிறது. ரவிக்கு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது, முன்தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் இன்னும் தஞ்சோங் பகார் அலுவலகத்துக்குத்தான் போய்வருகிறேன். உங்கள் அறையில் கட்டிலை எடுத்துவிட்டுத் துணி காயப்போடும் கம்பிகளை வைத்திருக்கிறோம். கோபப்படாதீர்கள், மழைக்காலத்தில் வேறு இடம் இல்லை.

சொல்லவேண்டிய விஷயத்துக்கு வர எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அத்தை. முதலில் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். படிக்கிறவர்களுக்கும் தெரியவேண்டும் அல்லவா, நான் உங்களுக்கு எவ்வளவு கடன்பட்டவள் என்று.

பத்து வருடத்துக்கு முன்னால் எனக்கு எந்நேரமும் தூக்கம். வேலைக்குப் போகிற ரயிலில் தூங்கி, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, ஒருநாள் கடைசி நிலையமான பாசிர் ரிஸ் வரைக்கும் போய்விட்டேன். குளியலறைச் சல்லடையில் கொத்துக் கொத்தாக முடி. எல்லோருக்கும் வியர்க்கும்போது எனக்கு மட்டும் குளிரும். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்துவிடுவேன். "எப்பப் பாரு தூக்கம்தானா?" என்று ரவி எரிந்து விழுவார். உறவுக்காரர்கள் என் காதுபடவே சோம்பேறி என்றார்கள். எனக்கே அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது.

நீங்கள்தான் ஒருநாள் என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "டேய் ரவி, இவ சோம்பேறி இல்லடா. முகத்தைப் பாரு, காலைப் பாரு, எல்லாம் வீங்கிக் கெடக்கு. நாளைக்கே ரத்தம் பார்க்கணும்" என்றீர்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கடையில் இருபத்தைந்து வருடம் நின்ற ஆள் நீங்கள். எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முகத்தைப் பார்த்தே சொல்வீர்களாம். மறுநாள் பலதுறை மருந்தகத்துக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான்.

தைராய்டு சுரப்பது குறைந்துவிட்டது என்றார்கள். ஆயுள் முழுக்க மாத்திரை என்றார்கள். மருந்து வாங்கும் இடத்தில் நின்று நான் அழுதேன். "அரிசி மாதிரி ஒரு மாத்திரை. அதுக்கு இவ்வளவு பெரிய அழுகையா?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு சாப்பிடவேண்டும், அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பியோ பசியாறலோ என்று மருந்தாளர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். நீங்கள் சட்டமாகவே ஆக்கிவிட்டீர்கள். ஆறு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் மேசைக்கு வந்துவிடும். காப்பி மணம் தாங்காமல் நான் கையை நீட்டினால், குவளையின் மேல் உங்கள் உள்ளங்கை வந்து மூடும். "ஆறரை ஆகட்டும்." கால்சியம் மாத்திரை மதியத்துக்குப் பிறகுதான். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்பது எனக்கு மறந்தாலும் உங்களுக்கு மறக்காது. எண் ஏறினால் உங்கள் முகம் வாடும், சரியாக நின்றால் அன்று வீட்டில் பாயசம். எனக்குத்தான் பாயசம், ஆனால் பாதிக் கிண்ணம் உங்கள் வயிற்றுக்குள் போகும்.

என் மாத்திரையில் இவ்வளவு கறாராக இருந்தவர், உங்கள் சர்க்கரையில் ஏன் அத்தை அப்படி இருந்தீர்கள்?

மாத்திரையைத் தவறவிட்டதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு சரியாகப் போட்டுக்கொள்வீர்கள். ஆனால் காப்பிக் கடையில் ஊருக்கே கேட்கிற மாதிரி "கோப்பி ஓ கொசோங்!" என்று சர்க்கரையில்லாத கருங்காப்பி சொல்லிவிட்டு, கூடவே நாலு ஒண்டே ஒண்டே வாங்குவீர்கள். கடித்தால் உள்ளே வெல்லப்பாகு வடிகிற அந்த உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு, "காப்பியில சர்க்கரை இல்லல்ல, சமமாப் போச்சு" என்பீர்கள். நானும் சிரிப்பேன். உங்களோடு இருந்தால் எதற்கும் சிரிக்கலாம் போலத்தான் இருக்கும்.

அப்புறம் ஒருநாள் மருத்துவர், மாத்திரை மட்டும் இனிப் போதாது, தினம் ஒரு வேளை இன்சுலின் ஊசி தொடங்கலாம் என்றார். அதற்கு முன்னால் இரண்டு வாரம் தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திச் சோதித்து, சர்க்கரை மீட்டரைக் கொண்டுவரச் சொன்னார். நோட்டில் எழுதினால் போதாதா என்று கேட்டீர்கள். எல்லா எண்ணும் மீட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அதையே பார்த்துக்கொள்கிறோம் என்று தாதி சொன்னார். உங்கள் முகம் இறுகியதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை, நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு காப்பிக்காகக் காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில், நீங்கள் மீட்டரோடு சமையலறைக்கு வந்தீர்கள்.

"மாலா, உன் விரலைக் குடு."

எப்படிக் குத்துவது என்று காட்டச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். என் விரலைக் குத்தினீர்கள். ஐந்து புள்ளி மூன்று என்று வந்தது. வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருந்தால் நல்ல எண் என்பார்கள். அன்று காலை உங்கள் விரலில் எடுத்திருந்தால் பன்னிரண்டுக்குக் குறைந்திருக்காது. நீங்கள் மீட்டரை உறைக்குள் போட்டு மூடினீர்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அத்தை, இது தப்பு" என்றேன்.

"தப்புத்தான். எங்கக்காவுக்கு ஜோகூர்ல ஊசி ஆரம்பிச்சாங்க. ஆறே மாசத்துல காலை எடுத்தாங்க. அடுத்த தீபாவளிக்கு அவ இல்ல. எனக்கு ஊசி வேணாம்" என்றீர்கள். கால் கெட்டது ஊசியால் இல்லை, பல வருடம் ஏறிக் கிடந்த சர்க்கரையால் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன். நீங்கள் என் கையை விடவில்லை. "ரவிக்குத் தெரியக்கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன், அத்தை. என்னைச் சோம்பேறி என்று ஊரே சொன்னபோது இல்லை என்று சொன்ன ஒரே வாய் உங்களுடையது. உங்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இரண்டு வாரம்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஏழு மாதம் ஓடியது.

மருத்துவரிடம் பேசியதும் நான்தான். அவர் ஆங்கிலத்தில் கேட்பார், நான் உங்களுக்குத் தமிழில் சொல்வேன், உங்கள் பதிலை அவருக்குச் சொல்வேன். மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தவர் முதலில் மகிழ்ந்தார். பிறகு கணினியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். மருந்தகத்தில் உங்கள் கையிலிருந்து எடுத்த ரத்தம் மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும். அதை ஏமாற்ற முடியாது. ஏழுக்குள் இருக்கவேண்டிய அந்த எண் பத்தைத் தாண்டி நின்றது.

"வீட்டில் எடுத்ததெல்லாம் அழகாக இருக்கிறது, இது மட்டும் ஏன் ஒத்துவரவில்லை? கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தானே குத்துகிறார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். நான் கையைக் கழுவிக்கொண்டுதான் கொடுத்தேன்.

அவர் நல்ல மனிதர், நம்பினார். ரத்தசோகை ஏதாவது அந்த எண்ணைக் குழப்புகிறதா என்று பார்க்க வேறு பரிசோதனைகள் எழுதினார். சாப்பிட்ட பிறகும் குத்திப் பார்க்கச் சொன்னார். ஊசியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார். மேசைக்குக் கீழே நீங்கள் என் கையை அழுத்தினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த அழுத்தம் எனக்குப் பிடித்திருந்தது. நம் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பிறகு அந்தத் தோட்டுத் திருகாணி.

ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது உங்கள் வலது தோட்டின் திருகாணி விழுந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில், பாயைப் புரட்டி, எங்கும் தேடினோம். வேறு தோடு போட்டுக்கொண்டு போய்விட்டு, நாள் முழுக்க நின்று, நடந்து, பந்தியில் எல்லோரையும் விசாரித்துவிட்டு வந்தீர்கள். மாலையில் செருப்பைக் கழற்றும்போது நான்தான் பார்த்தேன். திருகாணி உங்கள் உள்ளங்காலில் பதிந்திருந்தது. சுற்றிலும் ரத்தம் கறுத்துக் கிடந்தது. "ஐயோ, வலிக்கலையா அத்தை?" என்று அலறினேன். நீங்கள் காலைத் திருப்பிப் பார்த்து, "அட, இங்கயா இருக்கு?" என்றீர்கள், பொருள் கிடைத்த சந்தோஷத்தோடு.

காலில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. எப்போதிலிருந்து என்று உங்களுக்கே தெரியவில்லை. இரண்டு நாள் மஞ்சள் வைத்துக் கட்டினீர்கள். மருத்துவமனைக்குப் போனபோது காய்ச்சல் ஏறி, பாதம் வீங்கிப் பளபளத்தது. அங்கே உங்கள் சொந்த விரலில் குத்தினார்கள். இருபத்து நான்கு என்று வந்ததைப் பார்த்து ரவி, "அம்மாவுக்கு எப்பவும் அஞ்சு ஆறுதானே வரும், மெஷின் சரியில்லையா?" என்று தாதியிடம் சண்டைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றேன். காய்ச்சலும் புண்ணும் சர்க்கரையை ஏற்றும் என்று தாதி சொன்னதை அவர் நம்பிக்கொண்டார், நான் திருத்தவில்லை.

அங்கே உங்களைக் கேட்காமலே இன்சுலின் போட்டார்கள். ரவி கீழே போயிருந்த ஒரு மத்தியானம், வயிற்றில் ஊசி போட்டுவிட்டுத் தாதி நகர்ந்ததும், நீங்கள் என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்: "குத்தினதே தெரியல மாலா. இதுக்குப் போயா…"

அதோடு நிறுத்திவிட்டீர்கள். மிச்சத்தை நான் இந்த மூன்று வருடமாகச் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன். நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் நீங்கள் இல்லை.

அந்த ஏழு மாதத்தில் ஊசி தொடங்கியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? ஒரு தாதியிடம், யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டுப் பார்த்தேன். கால் மரத்துப்போக வருடக்கணக்கில் ஆகும், ஏழு மாதத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் சர்க்கரை குறைந்திருந்தால் புண்ணை எதிர்த்து நிற்க உடம்புக்குக் கூடுதல் வலு இருந்திருக்கும் என்றார். அவர் நியாயமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதில் எந்தப் பக்கத்தைப் பிடித்தாலும் தூக்கம் வரவில்லை.

நீங்கள் போன பிறகு நான் மாத்திரையைக் காப்பியோடு சேர்த்தே விழுங்க ஆரம்பித்தேன். சில நாள் கால்சியத்தையும் சேர்த்து ஒரே வாயில். குவளையை மூட ஆள் இல்லையே. மறுபடி ரயிலில் தூக்கம், மறுபடி குளிர். பரிசோதனையில் எண் ஏறியிருந்தது. அளவைக் கூட்டுவதற்கு முன்னால், எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று மருந்தாளர் கேட்டார். பொய்தான் முதலில் வாயில் வந்தது, அத்தை. பழகிப்போன வாய். கஷ்டப்பட்டு உண்மையைச் சொன்னேன். காப்பியைத் தள்ளி வையுங்கள், எட்டு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றார். தள்ளி வைத்தேன். அளவைக் கூட்டாமலே சரியாகிவிட்டது.

இப்போது உங்கள் மகன் விஷயம். ரவிக்கும் சர்க்கரை வந்து சில வருடம் ஆகிறது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் எண்கள் ஏறிக்கொண்டே போயின. உடம்பு இளைத்து, இடுப்புப் பட்டையை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டார். பேருந்து எண் மங்கலாகத் தெரிகிறது என்றார். மருத்துவர் இன்சுலின் என்றதும் இவர் எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து உங்கள் பழைய மீட்டரைத் தேடி எடுத்தார், புது பேட்டரி போட்டார். உங்கள் எண்கள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன.

"இங்க பாரு மாலா. அஞ்சு புள்ளி மூணு. அஞ்சு புள்ளி ஆறு. எழுபத்தோரு வயசுல! ஒரு ஊசி போட்டுக்கல. வெறும் மாத்திரை, பாகற்காய், மனசு உறுதி. அந்தத் திருகாணி மட்டும் குத்தாம இருந்தா அம்மா தொண்ணூறு வரைக்கும் இருந்திருப்பாங்க. நான் அவங்க பிள்ளை. என்னால முடியாதா?"

அவர் மாதக்கணக்கில் பாகற்காய்ச் சாறு குடித்தார். மருத்துவரைப் பார்க்கும் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டார். மீட்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். நான் ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அம்மாவைவிட உனக்குத் தெரியுமா?" என்பார். எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாமல் சமையலறைக்குள் போய்விடுவேன். உங்கள் மேல் செய்த சத்தியம் தடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனோம். பாகற்காயைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே ரவி கடைக்கார அம்மாவிடம் உங்கள் கதையைச் சொன்னார். மீட்டரை எடுத்துக் காட்டவும் செய்தார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்படியாப்பா? எங்க வீட்டுக்காரருக்கும் ஊசி போடணும்னு சொல்லிட்டாங்க. வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

ரவியை இழுத்துக்கொண்டு தூணோரம் வந்தேன்.

"அது அத்தை ரத்தம் இல்லைங்க. என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. முழுவதையும் சொன்னேன். ஜோகூர் பெரியம்மாவிலிருந்து ஆஸ்பத்திரியில் நீங்கள் பாதியில் நிறுத்திய வார்த்தை வரைக்கும். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "டாக்டர்கிட்ட நீதானே பேசின?"

"நான்தான்."

அவர் காய்ப் பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய், அந்தக் கடைக்கார அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லவேளை சொன்ன" என்றார். பிறகு தனியாக ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் ரவி என்னோடு பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என்னை மன்னிக்கமாட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து வாசற்படியில் நின்றார்.

"அம்மா பயந்தாங்களா?"

"ரொம்ப."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே மாலா. நான் அந்த மீட்டரைப் பார்த்து, எங்கம்மா இரும்புன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு தடவைகூட அவங்களை நான் கேட்கலையே." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார், அத்தை. உங்கள் காரியத்தன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

ஐம்பத்து மூன்று வயதில் உங்கள் பிள்ளை முதல் தடவையாக அப்படிச் சொன்னார். மறுநாளே இருவரும் போனோம். தாதி சொல்லிக்கொடுக்க, தன் கையாலேயே போட்டுக்கொண்டார். மூன்று வாரம் ஆகிறது. சர்க்கரை ரொம்ப இறங்கினால் வியர்க்கும், படபடக்கும் என்று சொல்லியிருப்பதால் பையில் எப்போதும் மிட்டாய் இருக்கிறது. காலை எண் இறங்கி வருகிறது. இன்னும் போகவேண்டிய தூரம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டினேன். அம்மாவின் மானம் போய்விடுமா என்று கேட்டேன். "போடு. எத்தனை வீட்டுல எத்தனை பேர் இப்படி பயந்து உட்கார்ந்திருக்காங்களோ" என்றார்.

உங்கள் மேல் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். உங்கள் பயத்தைப் பார்த்தும் அதை மறைக்க உதவினேனே, அதற்குத்தான் கேட்கிறேன். அன்று காலை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ரவியையும் எழுப்பி உட்காரவைத்து, மூன்று பேருமாகப் பேசியிருக்க வேண்டும்.

சத்தியம் மீறியவளின் வாக்குக்கு மதிப்பு உண்டோ இல்லையோ, இதை மட்டும் கொடுக்கிறேன். உங்கள் பிள்ளையிடம் இனி எண் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடமாட்டேன். பயமாக இருக்கிறதா என்றும் கேட்பேன். பதில் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

என்றும் உங்கள் வீட்டுப் பெண்,
உங்கள் மருமகள்
மாலா